பனியை எடை போடாமல் ஓடையைப் படிக்க முடியாது

2015 ஆகஸ்ட் 5ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு ஆறு ஆரஞ்சு நிறமாக ஓடியது. சில்வர்டன் என்ற சிறு மலையூருக்கு மேலே கோல்டு கிங் என்றொரு பழைய தங்கச் சுரங்கம் உண்டு. 1920களிலேயே வேலை நின்றுபோன இடம். அதன் வாயை அடைத்துக் கிடந்த மண்ணையும் பாறையையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு ஒன்று தோண்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சுமார் 30 லட்சம் கேலன், அதாவது 1 கோடியே 10 லட்சம் லிட்டருக்கும் மேல். அந்த நீர் சிமென்ட் ஓடையில் இறங்கி, அங்கிருந்து அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆரஞ்சு ஆற்றின் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மலைச் சுரங்கங்களைப் பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அப்புறம் என்ன பயம்?’ ‘இந்த வருடம் நல்ல பனி, எல்லா அழுக்கையும் அடித்துக்கொண்டு போய்விடும்.’ ‘போன மாதத்தைவிட உலோக அளவு பாதியாகக் குறைந்துவிட்டது, சுத்திகரிப்பு வேலை செய்கிறது.’ மூன்றும் நம்பும்படியாக இருக்கின்றன. மூன்றும் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை. சுரங்கத்துக்கு ஆதரவாகப் பேசுபவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே மாதிரி இந்தக் குழியில் விழுகிறார்கள் என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

மலையில் விழும் பனியை ஏன் எடை போடுகிறார்கள், ஓடையில் ஓடும் நீரை எப்படி அளக்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் சுரங்கம் என்ன செய்கிறது என்று ஏன் சொல்ல முடியாது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பனியின் உயரம் வேறு, அதிலுள்ள தண்ணீர் வேறு

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும், மலையுச்சியை மூடும் வெண்பனியையும் குறிக்கும். இங்கே நாம் பேசுவது இரண்டாவதை. குளிர்காலம் முழுக்க விழுந்து, உருகாமல், அடுக்கு மேல் அடுக்காக மலையில் தங்கிவிடும் வெண்பனியைப் பனித்தேக்கம் என்று சொல்லலாம். நீர்த்தேக்கம் என்பதைப் போலத்தான். அணை இல்லாத, சுவர் இல்லாத ஒரு தேக்கம்.

இந்தத் தேக்கத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது? ‘இரண்டு மீட்டர் பனி’ என்றால் நமக்கு ஏதோ புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் அது பஞ்சு மூட்டையின் உயரத்தைச் சொல்வது போன்றது. உதறிப் போட்ட பஞ்சு கூரையைத் தொடும். அதையே அழுத்திக் கட்டினால் இடுப்பு உயரம்கூட வராது. பஞ்சின் எடை மாறவே இல்லை. புதிதாக விழுந்த பனி உதறிய பஞ்சு. அதன் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நீர். நாளாக ஆக அது தன் எடையாலேயே அழுந்துகிறது, துகள்கள் உருமாறுகின்றன, இடைவெளிகள் மூடுகின்றன. வசந்தத்தில் உருகத் தயாராக இருக்கும் பழைய பனியில் நீரின் பங்கு பத்தில் நான்கைத் தாண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தில் ஒரு பங்கு நீருள்ள புதுப்பனி இரண்டு மீட்டர் இருந்தால், உருகியதும் கிடைப்பது 200 மில்லிமீட்டர் ஆழ நீர். பத்தில் நான்கு பங்குள்ள பழைய பனி ஒரே ஒரு மீட்டர் இருந்தால் 400 மில்லிமீட்டர். உயரத்தில் பாதி, தண்ணீரில் இரட்டிப்பு. இப்படி, பனி முழுதும் அப்படியே அந்த இடத்திலேயே உருகினால் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கும் என்ற அளவைத்தான் பனிநீர் அளவு என்கிறோம். மழையளவைச் சொல்வது போலவே மில்லிமீட்டரில் சொல்லலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரியாக ஒரு லிட்டர். ஒரு சுரங்கத்துக்கு மேலே பத்து சதுர கிலோமீட்டர் சரிவில் 400 மில்லிமீட்டர் பனிநீர் இருக்கிறது என்றால், அங்கே 400 கோடி லிட்டர் நீர் உருகும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

எடை போடும் வேலை

இதை முறையாகச் செய்யத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் சர்ச். அவர் பொறியாளர் இல்லை. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் போன்ற செவ்வியல் மொழிகள் கற்பித்த பேராசிரியர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் ஏறி, உள்ளீடற்ற உலோகக் குழாயைப் பனியில் தரைவரை செலுத்தி, குழாயோடு எடை போட்டார். வெறும் குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை. அவ்வளவு எளிமையான கருத்து. பனி உருகினால் தாஹோ ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்ல அது உதவியது.

அந்தக் குழாயின் வழித்தோன்றல் இன்றும் மலைகளில் ஏறுகிறது. வாயில் பல் வைத்த வெட்டுமுனை இருக்கும்; பனிக்கட்டி அடுக்குகளை அது அறுத்துக்கொண்டு போகும். அதன் உள்விட்டம் 1.485 அங்குலம். ஏன் இந்த விசித்திர எண்? அந்த அளவில் குழாய்க்குள் ஏறும் பனி ஒரு அவுன்ஸ் எடை இருந்தால், பனிநீர் அளவு சரியாக ஒரு அங்குலம். விரல் மரத்துப்போகும் குளிரில் நின்றுகொண்டு பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. தராசைப் படித்தால் போதும். இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். வேலை செய்கிறவரின் கஷ்டத்தை அறிந்து செய்த கருவி அது.

மனிதர் போக முடியாத நாட்களுக்குப் பனித்தலையணை இருக்கிறது. தரையில் விரித்த, உறையாத திரவம் நிரப்பிய ஒரு தட்டையான பை. மேலே பனி ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தத்திலிருந்து எடை, எடையிலிருந்து பனிநீர் அளவு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் இப்படிப்பட்ட தானியங்கி நிலையங்கள் 900க்கு மேல் உள்ளன. அந்த வலையமைப்பின் பெயர் ஸ்னோடெல். செயற்கைக்கோள் இணைப்பெல்லாம் பரவலாவதற்கு முன்பு, வானில் எரிந்து விழும் விண்கற்கள் விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடங்களில் வானொலி அலையை மோதவிட்டு, அது தெறித்துத் திரும்பும் நொடிப்பொழுதில் தகவலை அனுப்பினார்கள்.

கருவி இருக்கிறது என்பதற்காக அது சொல்வதெல்லாம் மலை முழுமைக்கும் பொருந்திவிடாது. தலையணைக்கு மேலே கெட்டியான பனிக்கட்டி ஓடு உருவானால், அது பாலம் போல எடையைச் சுற்றியுள்ள தரைக்குக் கடத்திவிடும். கருவி குறைவாகக் காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. முகட்டின் ஒரு பக்கத்தில் பனியைச் சுரண்டி எடுத்து மறுபக்கத்தில் கொட்டிவிடும். ஒரு நிலையம் ஒரு புள்ளிதான். அதனால்தான் பல புள்ளிகளில் குழாய் வைத்து அளப்பதும், விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பிப் பனியின் உயரத்தைப் பரப்பு முழுக்க வரைவதும் கூடவே நடக்கின்றன. லேசர் உயரத்தை மட்டுமே தரும். அதை நீராக மாற்ற யாரோ ஒருவர் எடை போட்டே ஆக வேண்டும்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மலையின் பனியைப் பற்றி யாராவது உயரத்தில் பேசினால், எடை என்ன என்று கேளுங்கள்.

பனி எப்போது ஓடையாகிறது?

வெயில் வந்ததும் பனி உருகி ஓடும் என்று தோன்றும். அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. முதலில் பனித்தேக்கம் முழுவதும், அடிவரை, பூஜ்யம் டிகிரிக்கு வர வேண்டும். மேலே உருகும் நீர் கீழே இறங்கி, குளிர்ந்த அடுக்கில் மீண்டும் உறைந்துவிடும். அப்புறம் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி நீரால் ஊற வேண்டும். நனைந்த துணி சொட்டத் தொடங்குவதற்கு முன் முழுதாக ஊறுவதைப் போல. இந்த நிலைக்கு வந்த பனியைப் பழுத்த பனி என்பார்கள். பழுத்த பிறகு ஏறும் வெப்பம் எல்லாம் நீராக வெளியே வரும்.

ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். மலை முழுக்கக் கிடக்கும் பனி வாரக்கணக்கில் உருகுவதற்கு இதுதான் காரணம்.

இங்கே பரவலான ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பனி மேல் மழை பெய்தால் வெள்ளம் வரும், ஏனென்றால் மழை பனியை உருக்கிவிடுகிறது என்பார்கள். பத்து டிகிரி வெப்பமுள்ள மழை 10 மில்லிமீட்டர் பெய்வதாக வைத்துக்கொள்வோம். அந்த நீரிலுள்ள வெப்பம் உருக்கக்கூடியது சுமார் 1.25 மில்லிமீட்டர் பனிநீரைத்தான். வெள்ளம் வருவது உண்மை. ஆனால் அதற்கு மழைநீரே ஒரு காரணம்; கூடவே வரும் ஈரமான, வெதுவெதுப்பான காற்று இன்னொரு காரணம். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனிமேல் படிந்து திரவமாகும்போது பெரும் வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ ஆவி அப்படிப் படிந்தால் ஏழு கிலோவுக்கு மேல் பனி உருகும். ஆக, சுரங்கப் பகுதியில் பனிப்பொழிவை மட்டும் கவனித்தால் போதாது. காற்றின் வேகம், ஈரப்பதம், வெயில் எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று, புழுதி. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மேலே புழுதி படிந்தால் அந்த வெயிலைப் பனி உள்ளே வாங்கிக்கொள்ளும். சில்வர்டன் இருக்கும் சான் ஹுவான் மலைகளில் தொலைதூரப் பாலைவனப் புழுதி படிந்து பனி பல வாரங்கள் முன்னதாகவே கரைவதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சுரங்கச் சாலையிலும் கழிவு மேட்டிலும் கிளம்பும் தூசிக்கும் இதே இயற்பியல்தான். சுரங்கம் நீரைத் தொடுவதற்கு முன்பே, நீர் வரும் தேதியைத் தொட்டுவிடலாம்.

ஓடையை அளப்பது

ஓடையில் ‘எவ்வளவு தண்ணீர்’ என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பது நீர்மட்டம். ஒரு விநாடியில் எவ்வளவு கடந்து போகிறது என்பது நீரோட்ட அளவு. அணைச் செய்திகளில் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று படிக்கிறோமே, அது இரண்டாவது. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் இரவும் பகலும் தானாக அளக்க எளிதானது முதலாவது. ஒரு அழுத்த உணரியை நீரடியில் பொருத்தினால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும்.

மட்டத்திலிருந்து ஓட்டத்துக்கு எப்படிப் போவது? ஒருவர் நேரில் போய் ஓடையின் குறுக்கே கயிறு கட்டி, அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளப்பார். அகலம் பெருக்கல் ஆழம் பெருக்கல் வேகம். எல்லாத் துண்டையும் கூட்டினால் அன்றைய ஓட்டம். நீர் குறைந்த நாளில், நடுத்தர நாளில், வெள்ள நாளில் என்று பலமுறை இதைச் செய்து, ‘இந்த மட்டம் என்றால் இந்த ஓட்டம்’ என்று ஒரு வரைகோடு வரைந்துவிடுவார்கள். அதன் பிறகு மட்டம் மட்டும் தெரிந்தால் போதும்.

மலை ஓடைகள் பாறையில் மோதி நுரைத்து ஓடும். அங்கே ஆழமும் வேகமும் கையில் சிக்காது. அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. எடை தெரிந்த உப்பை மேலே கொட்டி, நன்றாகக் கலந்த பிறகு, கீழே ஓரிடத்தில் நீரின் மின்கடத்துதிறன் ஏறி இறங்குவதைப் பதிவு செய்வார்கள். உப்பு எவ்வளவு நீர்த்துப்போனது என்று தெரிந்தால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கொந்தளிப்பு, மற்ற முறைக்கு எதிரி, இதற்கு நண்பன்.

குளிர்காலப் பதிவுகளைப் படிக்கும்போது கவனம் தேவை. ஓடையில் பனிக்கட்டி பிடித்தால் அது நீருக்குத் தடையாகி மட்டத்தை உயர்த்திவிடும், ஓட்டம் கூடாமலேயே. உணரி மட்டும் பார்த்தால் கடுங்குளிரில் ஓடை பெருகியது போலத் தெரியும். வெள்ளம் வந்து படுகையை அரித்துவிட்டாலும் பழைய வரைகோடு செல்லாது. மறுபடி நேரில் போய் அளக்க வேண்டும். தானியங்கிக் கருவி வைத்துவிட்டோம், இனி ஆள் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பதிவை நான் நம்ப மாட்டேன்.

பனியுருகும் காலத்தில் ஓடை ஒரே நாளில் ஏறி இறங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதியத்தில் உருகும் நீர், சரிவைக் கடந்து ஓடைக்கு வர நேரமாகும். அளவிடும் இடம் தள்ளியிருந்தால் உச்சம் மாலையிலோ நள்ளிரவிலோ வரும். எப்போதும் காலை பத்து மணிக்கே மாதிரி எடுப்பவர் அந்த உச்சத்தைப் பார்க்கவே மாட்டார்.

சுரங்கம் நீருக்கு என்ன செய்கிறது?

தங்கம், செம்பு, துத்தநாகம் போன்றவை கிடைக்கும் பாறைகளில் பெரும்பாலும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கும். ஆழத்தில், காற்றுப் படாமல் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். சுரங்கம் தோண்டுவது அந்தப் பாறையை உடைத்து, காற்றும் நீரும் போகும் வழியைத் திறந்துவிடுவது. ஆக்சிஜனும் நீரும் பைரைட்டைத் தொட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிரிகள் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. அமிலம், பக்கத்துப் பாறையிலுள்ள துத்தநாகம், செம்பு, காட்மியம் முதலியவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இப்படி வெளியேறும் நீருக்கு அமிலச் சுரங்கநீர் என்று பெயர்.

எவ்வளவு அமிலம்? அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவில் தூய நீர் 7. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் பகுதியில் உள்ள ரிச்மண்ட் சுரங்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே, -3.6 அளந்திருக்கிறார்கள்.

இங்கேதான் ‘தெளிவாக இருக்கிறது’ என்ற வாதம் விழுந்துவிடுகிறது. கடும் அமில நீரில் துத்தநாகமும் செம்பும் முழுதாகக் கரைந்திருக்கும். அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த நீர் நல்ல நீரோடு கலந்து அமிலம் தணியும்போதுதான் இரும்பு துருவாகப் பிரிந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படிகிறது. ஆரஞ்சு நிறம் நம்மைப் பயமுறுத்துகிறது, பயப்பட வேண்டியதுதான். ஆனால் நிறமே இல்லாமல் ஓடும் ஓடையில் ட்ரவுட் மீன் ஒன்றுகூட வாழ முடியாத அளவு துத்தநாகம் இருக்கலாம்.

முதல் அலசல்

சாயம் போகும் புதுத் துணியை நீரில் அலசிப் பாருங்கள். முதல் அலசலில்தான் நிறம் கொட்டும். ஐந்தாவது அலசலில் நீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். சுரங்க மலையில் வசந்தம் இப்படித்தான் தொடங்குகிறது.

வறண்ட மாதங்களிலும் குளிர்காலத்திலும் கழிவுப் பாறை மேடுகளுக்குள்ளும் சுரங்கச் சுவர்களிலும் அந்த வேதிவினை நின்றுவிடுவதில்லை. வெளியேற நீர் இல்லாததால் விளைபொருட்கள் உப்புப் பொருக்குகளாகப் படிந்து நிற்கும். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று பல நிறத்தில் பூத்திருக்கும். நீர் பட்டதும் சட்டென்று கரையும். முதலில் உருகி இறங்கும் பனிநீர் இந்தப் பொருக்கை எல்லாம் ஒரே வாரியாக எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. பனிக்குள்ளேயே இருந்த அசுத்தங்களும் அப்படித்தான். துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் உருகலின் முதல் பகுதியிலேயே பெரும்பாலும் வெளியேறிவிடும். ஓடை இன்னும் பெருகவில்லை, நீர்க்கச் செய்ய நீர் இல்லை, ஆனால் உலோகம் மட்டும் வந்துவிட்டது. மீன்களுக்கு ஆண்டின் மிகக் கொடிய வாரங்களில் ஒன்று இது. நடைமுறையில் இதற்கு முதல் அலசல் என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

இது சில நாட்களில் முடிந்துவிடலாம். மாதத்துக்கு ஒரு மாதிரி எடுத்தால், முதல் அலசல் முழுவதும் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே நழுவிவிடும். பனித்தலையணை இங்கே கைகொடுக்கிறது. பனிநீர் அளவு ஏறுவது நின்று, பனி பழுத்து, இறங்கத் தொடங்கும் முனையில் இருக்கிறது என்று அது சொன்னதும் மாதிரி எடுப்பதை நாள்தோறும் என்று மாற்றலாம்.

சரி, இங்கே கொஞ்சம் நிற்போம். பனித்தேக்கம் எவ்வளவு நீர் வரும் என்றும் எப்போது வரும் என்றும் சொல்கிறது. ஓடையின் கருவி வந்தது எவ்வளவு என்று சொல்கிறது. சுரங்கம் அந்த நீரில் எதையோ சேர்க்கிறது. சேர்த்தது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

செறிவும் சுமையும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கரண்டி உப்பை ஒரு குவளை நீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கரண்டியை ஒரு தொட்டியில் போட்டால் தெரியவே தெரியாது. ஒரு லிட்டரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது செறிவு. மொத்தம் எவ்வளவு போகிறது என்பது சுமை. செறிவை ஓட்டத்தால் பெருக்கினால் சுமை. மீனின் செவுளைத் தாக்குவது செறிவு. கீழே உள்ள ஏரியிலும் வண்டலிலும் வயலிலும் ஆண்டுக்கணக்கில் சேர்வது சுமை. இரண்டும் வேண்டும், ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது.

கற்பனையாக ஒரு ஓடையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் விநாடிக்கு 50 லிட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் துத்தநாகம். விநாடிக்கு 100 மில்லிகிராம் என்றால், ஒரு நாளில் 8.64 கிலோ. ஜூனில் பனியுருகல் உச்சம். விநாடிக்கு 2,000 லிட்டர். துத்தநாகம் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்தான். ‘ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது’ என்று யாரும் சொல்லலாம், பொய்யும் இல்லை. ஆனால் சுமை விநாடிக்கு 800 மில்லிகிராம், நாளுக்கு 69 கிலோ. எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. ஓட்டத்தை அளக்காமல் மாதிரி மட்டும் எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

‘பனி நிறைய விழுந்தால் எல்லாம் கரைந்து போய்விடும்’ என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. போய்விடுவது உண்மைதான், வேறொருவரின் வாசலுக்கு.

இப்போது கோல்டு கிங்குக்குத் திரும்புவோம். அன்று வெளியேறிய வெள்ளம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் அனிமாஸ் ஆற்றுக்குள் சேர்த்த உலோகங்கள் சுமார் 500 டன் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள்ளிருந்து வந்தது கூட இல்லை. வாய்க்கு வெளியேயும் ஓடை வழியிலும் கிடந்த பழைய கழிவை வெள்ளம் அரித்து எடுத்தது. அந்த 500 டன், வசந்தகாலப் பெருக்கில் அதே ஆறு ஒன்றிரண்டு நாட்களில் சுமக்கும் உலோக அளவுக்குச் சமம் என்றும் அதே அறிக்கை சொன்னது.

இதைக் கேட்டதும் இரண்டு விதமாகத் தவறலாம். ‘அப்படியானால் அது ஒன்றுமில்லாத சம்பவம்’ என்பது ஒன்று. இல்லை, குறைந்த நீரோடும் ஆகஸ்டில் வந்ததால் செறிவு மிக அதிகம், கீழே குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆற்றை நம்பியிருந்தவர்கள், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி விவசாயிகள் உட்பட, நீரெடுப்பதை நிறுத்த வேண்டி வந்தது. ‘கணக்கு பொய்’ என்பது இன்னொன்று. அதுவும் இல்லை. நமக்குப் படம் எடுக்கத் தோன்றாத ஒவ்வொரு வசந்தத்திலும், பனி உருகும் ஒவ்வொரு வாரத்திலும் அந்த ஆறு எவ்வளவு சுமக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு சொல்லும் செய்தி. எனக்கு ஆரஞ்சுப் படத்தைவிட அந்த வாக்கியமே அதிகம் வலித்தது. ஆற்றடியில் படிந்த கோல்டு கிங் வண்டலில் பெரும்பகுதியைக் கீழே தள்ளிக்கொண்டு போனதும் 2016இன் பனியுருகல்தான்.

இது சுரங்கத்தின் பங்கா, மலையின் பங்கா?

சில்வர்டனுக்கு அருகே மூன்று நீர்வழிகள் கூடுகின்றன: சிமென்ட் ஓடை, மினரல் ஓடை, மேலிருந்து வரும் அனிமாஸ். மூன்றிலும், மூன்றும் கூடியபின் கீழேயும் அளவு நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் செறிவையும் ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்தால், எந்த ஓடை எவ்வளவு சுமை கொண்டுவருகிறது என்று பிரித்துச் சொல்லலாம். மூன்றின் சுமையையும் கூட்டி, கீழே அளந்ததோடு ஒப்பிட்டால், நடுவில் நிலத்தடியிலிருந்து ஏதாவது கசிகிறதா என்பதும் தெரியும். ஒரு சுரங்கத்தைச் சுற்றியும் இதே முறைதான்: மேலே ஒரு நிலையம், கீழே ஒரு நிலையம், வித்தியாசம் நடுவில் சேர்ந்தது.

ஆனால் அந்த மலைகள் ஒரு பாடமும் சொல்கின்றன. அங்கே சிவப்பு மலை என்றே பெயர் பெற்ற சிகரங்கள் உண்டு. மனிதர் ஒரு குழிகூடத் தோண்டுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பைரைட் இயற்கையாகக் காற்றுப்பட்டு, அமிலநீர் வழிந்து, இரும்புத்துருப் பாறைகளாகப் படிந்திருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அதை விரிவாக ஆராய்ந்தது. எனவே சிமென்ட் ஓடையின் உலோகம் எல்லாம் சுரங்கத்தால் வந்தது என்பதும் பிழை, எல்லாம் இயற்கை என்று கைகழுவுவதும் பிழை. பிரித்துச் சொல்ல, தோண்டுவதற்கு முன்பே எடுத்த அளவுகள் வேண்டும். அதை அடிப்படை நிலை என்று வைத்துக்கொள்வோம். பழைய சுரங்கங்களுக்கு அது கிடையாது. புதிதாக வரப்போகும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அது இருக்க வேண்டும். அதுவும் ஓராண்டுக்கு அல்ல, நல்ல பனி பெய்த ஆண்டும் வறண்ட ஆண்டும் அதற்குள் வரும்படி பல ஆண்டுகளுக்கு.

ஏன் பல ஆண்டுகள்? ஓடை போன ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். சுரங்கம் நீரை உறிஞ்சிவிட்டது என்பார் ஒருவர். பனி குறைவு என்பார் மற்றவர். பனிநீர் அளவும் பாதியாகக் குறைந்திருந்தால் இரண்டாமவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பனி வழக்கம்போல் இருந்து, சுரங்கத்துக்கு மேலேயுள்ள நிலையத்திலும் ஓட்டம் வழக்கம்போல் இருந்து, கீழே மட்டும் பாதியானால், கேள்வி சுரங்கத்தை நோக்கித் திரும்ப வேண்டும். பனிப் பதிவு இல்லாவிட்டால் இந்தச் சண்டை குரல் பெரியவர் பக்கம் முடிந்துவிடும்.

ஒரே இடத்தில் அளந்தாலும் போதாது. கோல்டு கிங்குக்கு அருகில் இருந்த சன்னிசைட் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அதன் நீர் வெளியேறிய நீண்ட குகைப்பாதையில் 1996 முதல் கான்கிரீட் அடைப்புகள் கட்டினார்கள். அங்கே ஒழுகுவது குறைந்தது. மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்தது. அடுத்த ஆண்டுகளில், வறண்டு கிடந்த பக்கத்துப் பழைய சுரங்க வாய்களில் நீர் கூடியது. கோல்டு கிங்கும் அதில் ஒன்று. அடைத்த வாயில் மட்டும் மானி வைத்திருந்தால் அது வெற்றியாகத் தெரிந்திருக்கும்.

வேலை நின்ற பிறகு

சுரங்கம் மூடப்பட்டதும் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பைரைட் இறங்குவதில்லை. அயர்ன் மவுண்டனில் தோண்டுவது 1963இல் நின்றது. அங்கிருந்து வரும் அமிலநீரை இன்றும் சுத்திகரிக்கிறார்கள், உள்ளேயுள்ள கனிமம் தீர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கோல்டு கிங்கின் நீருக்காக 2015 அக்டோபரில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. சுண்ணாம்பைச் சேர்த்து அமிலத்தைத் தணித்து, உலோகத்தைச் சேறாகப் படிய வைப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. நீர் நிற்காதவரை அந்த நிலையமும் நிற்க முடியாது.

2019 மார்ச்சில் அந்த மலைகளில் பெரும் பனிப்புயல் வந்தது. பனிச்சரிவுகள் சாலையை மூடின, நிலையம் தற்காலிகமாக நின்றது, ஆட்கள் மீண்டும் போய்ச் சேரும்வரை கோல்டு கிங்கின் நீர் சுத்திகரிக்கப்படாமல் சிமென்ட் ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.